புயலுக்கு முன்னே, பாலத்துக்குப் பின்னே

பாம்பன் தீவுக் கிழவிகளுக்கு வயதைச் சொல்லிப் பழக்கமில்லை. "புயலடிச்சப்ப மூத்தவன் இடுப்புல, எளயவ வயித்துல" என்பார்கள். அதை வைத்துக் கணக்கைக் கேட்டவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும். கல்யாணம், சாவு, கடன், சொத்துத் தகராறு எல்லாவற்றுக்கும் அங்கே இரண்டே காலம்தான்: புயலுக்கு முன்னாடி, புயலுக்குப் பின்னாடி. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனபோது எனக்கு ஒன்பது வயது. அப்போது ஊரில் இருந்த பெரியவர்கள் அநேகமாக எல்லாரும் போய்விட்டார்கள். இப்போது பெரியவர்கள் என்றால் அன்றைக்கு என்னோடு தெருவில் ஓடித்திரிந்தவர்கள்.

நான் புணேவுக்கு வந்தது 1976-இல், பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலை வேலைக்கு. தமிழர்கள் நிறைய இருந்த ராஸ்தா பேட்டிலும் கிர்க்கியிலும் இடம் தேடிக் கிடைக்காமல், கடைசியில் நாராயண் பேட்டில் ஆற்றுக்குப் பக்கத்து வாடா ஒன்றின் மாடி அறையில் குடியேறினேன். மர உத்தரமும் கல் முற்றமும் உள்ள பழைய வீடு. முற்றத்து மூலையில் விறகு போட்டு வெந்நீர் வைக்கும் செம்புப் 'பம்ப்' எந்நேரமும் புகைந்துகொண்டிருக்கும். வீட்டுக்காரப் பாட்டிக்கு - மராத்தியில் ஆஜி - அப்போதே எழுபது தாண்டியிருக்கும். அவரும் காலத்தை இரண்டாகப் பிரித்துத்தான் பேசுவார் என்பது எனக்கு மராத்தி பிடிபடத் தொடங்கியதும் தெரிந்தது. பான்ஷேத்துக்கு முன்னால் வாங்கிய பாத்திரம், பான்ஷேத்துக்குப் பின்னால் கட்டிய சுவர் என்று சொல்வார். 1961 ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்து, அந்த வேகத்தில் கடக்வாஸ்லா அணையும் உடைந்து, முட்டா ஆறு லக்டி புல் என்ற பாலத்தை மூழ்கடித்துக்கொண்டு பேட்டைகளுக்குள் புகுந்ததைப் புணேவில் எழுபது வயதைக் கடந்த யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் வாடாவின் மாடிப்படிச் சுவரில் தண்ணீர் நின்ற மட்டம் ஒரு பழுப்புக் கோடாகத் தெரியும். அதற்கு வெள்ளையடிக்க ஆஜி கடைசிவரை விட்டதில்லை.

அறை கேட்டுப் போன அன்று சொந்த ஊர் எது என்று ஆஜி கேட்டார், ராமேஸ்வரத்துக்குப் பக்கம் என்றேன். அதன்பின் அட்வான்ஸ் பேச்சே எழவில்லை. அவர் காசி-ராமேஸ்வர யாத்திரை முடித்தவர். சேதுவில் மணல் எடுத்துக்கொண்டு போய்ப் பிரயாகையில் கரைத்து, அங்கிருந்து கங்கை நீர் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை பூர்த்தி என்பது மராத்தியர் வழக்கம். அதை முறையாகச் செய்தவர். ரயில் கடலுக்கு மேலே நடை வேகத்தில் போனது, ஜன்னல் வழியே குனிந்து பார்த்தால் தண்டவாளத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் எதுவுமே இல்லாதது, பயத்தில் பெண்களெல்லாம் சேர்ந்து ராமநாமம் சொன்னது - இதையெல்லாம் அவர் சொல்லும்போது, சின்ன வயதில் நான் தினமும் வேடிக்கை பார்த்த அதே ரயிலுக்குள் இந்த அம்மாளும் ஒருநாள் உட்கார்ந்து போயிருக்கிறார் என்ற எண்ணம் எனக்கு விளங்காத ஒரு சந்தோஷத்தைத் தந்தது. ராமேஸ்வரம் கோயிலின் பூசகர்கள் மகாராஷ்டிரப் பிராமணர்கள், சிருங்கேரி மடத்தில் தீட்சை பெற்றுத் தலைமுறை தலைமுறையாகத் தீவிலேயே வாழ்பவர்கள். அதனால் நான் புணேவுக்கு வருவதற்கு முன்பே என் காதில் மராத்தி விழுந்திருந்தது. கோயில் தெருவில் ஒரு வயதான குருக்கள் எங்களிடம் ராமநாதபுரத்துத் தமிழில் பேசிக்கொண்டிருந்துவிட்டு, வீட்டுக்குள் திரும்பி வேறு ஏதோ பாஷையில் கூப்பிடுவார், உள்ளிருந்து காபி வரும். நாராயண் பேட்டில் ஆஜி மருமகளைக் கூப்பிட்டபோது எனக்கு அந்தக் குரல்தான் நினைவுக்கு வந்தது.

பாம்பன்காரர்களின் நாளை நடத்தியது ரயில். 1914-இல் பாலம் திறந்ததிலிருந்து 1988 அக்டோபர் 2 அன்று சாலைப் பாலம் திறக்கும்வரை, படகை விட்டால் எதிர்க்கரையிலுள்ள மண்டபத்துக்குப் போக ரயில் ஒன்றுதான் வழி. எழும்பூரில் புறப்பட்ட போட் மெயில் தனுஷ்கோடிவரை வந்து, அங்கே காத்திருக்கும் இர்வின், கோஷன் என்ற கப்பல்களில் ஆட்களை ஏற்றிவிடும். தலைமன்னாரில் இறங்கினால் கொழும்பு ரயில் நிற்கும். சென்னையில் எடுத்த சீட்டு கொழும்புவரை செல்லும் என்று பெரியவர்கள் சொல்லும்போது, பாஸ்போர்ட், விசா என்று வாழ்க்கை நடத்தும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கதை என்றே நினைக்கிறார்கள். எங்கள் தெருவில் பாதி வீட்டுக்குத் தலைமன்னாரிலோ மன்னாரிலோ சொந்தம் உண்டு. மாமன் வந்தால் சிலோன் சோப்பு, சிலோன் தேயிலை. மாமன் வராத நாளில் இலங்கை வானொலி. உங்கள் வீட்டிலும் அந்த வானொலி ஒலித்திருக்கும், ஆனால் கரகரப்பு இல்லாமல் கேட்டவர்கள் நாங்கள்.

பாலத்தடியில் குடியிருந்த ஒரு ரயில்வே பெரியவரை நான் மறக்க முடியாது. கப்பல் போவதற்காகப் பாலத்தின் நடுவிலுள்ள தூக்குப் பகுதியைத் திறக்கும் ஆட்களில் அவரும் ஒருவர். ஷெர்சர் வகையைச் சேர்ந்த அந்தத் தூக்குப் பாலத்துக்கு மோட்டார் கிடையாது. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இரும்புத் தண்டுகளைத் தள்ளிச் சுற்றச் சுற்ற, இரண்டு கைகளும் மெல்ல மேலே எழும்பும். பிடிமானம் போட்டபின் நெற்றி வியர்வையை வழித்துவிட்டு, கடந்துபோகும் கப்பலை ஒரு தரம் மேலும் கீழும் பார்ப்பார். சரிதான் என்று தலையாட்டிய பிறகே பீடி பற்றவைப்பார். கப்பல் அவருடைய அனுமதியில்தான் போகிறது என்றே நாங்கள் நம்பினோம், அவரும் அப்படித்தான் நடந்துகொண்டார். பணி ஓய்வுக்குப் பின்னும் பாலம் திறக்கும் நாளில் கரையில் வந்து நிற்பார். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகி ரயிலை நிறுத்திவிடும் கருவி பிற்பாடு வந்தது. அவர் அதை நம்பத் தயாராக இல்லை. பனைமட்டை உரசுகிற சத்தத்தைக் கேட்டு, "இன்னைக்கு வண்டி மண்டபத்துலயே கிடக்கும், பொட்டியத் தூக்காதீக" என்று வழியனுப்ப வந்தவர்களைத் திருப்பி அனுப்புவார். பெரும்பாலும் வண்டி மண்டபத்திலேயே கிடக்கும்.

அவர் மட்டுமல்ல, காற்றை வாசிக்கத் தெரியாத கிழவர் ஒருவர்கூடத் தீவில் இல்லை. தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. எங்கள் பேச்சில் அவை ஆண்கடலும் பெண்கடலும். கச்சான் எழும்பினால் ஆண்கடல் கொந்தளிக்கும், படகுகள் பெண்கடலுக்குப் போய்விடும். வாடை பிறந்தால் பெண்கடல் முறைத்துக்கொள்ளும், படகுகள் திரும்பி வரும். கடற்கரையில் குந்தியிருக்கும் ஒரு பெரியவர் மூக்கை லேசாகத் தூக்கி, "சோழகம் திரும்பிருச்சு" என்று சொன்ன அரை மணி நேரத்தில் கரையெல்லாம் ஆள் நடமாட்டம் மாறிவிடும். இன்று என் அத்தை பேரன் கைபேசியில் காற்றின் வேகம், அலையின் உயரம், மீன் கூட்டம் இருக்கக்கூடிய இடம் எல்லாமே வருகிறது. நல்ல காரியம், எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றுகிறது. 1964-இல் ஒரு கைபேசி இருந்திருந்தால் என்று நினைக்காத தீவுக்காரன் இல்லை. ஆனாலும் கிழவருக்கு மூக்கில் தெரிந்தது பக்கத்திலிருந்த இளையவனுக்கும் மெல்ல மெல்ல ஏறும், அதற்காகவே அவன் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். இப்போது உட்கார வேண்டிய அவசியம் இல்லை. கிழவர்கள் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

என் அப்பத்தா பாசி எடுத்தவள். அகர் செய்யும் தொழிற்சாலைகளுக்குப் போகிற கடற்பாசி. நீர் வற்றும் நேரம் பார்த்துப் பெண்கள் கூட்டமாகப் போவார்கள். விரல்களில் துணிக்கிழிசலைச் சுற்றிக்கொண்டு, சேலையை இறுக்கிச் செருகி, மூச்சை அடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருப்பதைப் பிய்த்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டே நகர்வார்கள். மாலையில் அப்பத்தா விரலிலிருந்து துணியை அவிழ்க்கும்போது நுனியெல்லாம் வெளிறி, சுருங்கி, குறுக்கே கீறல்களாக இருக்கும். அந்தக் கையாலேயே எனக்குச் சோறு பிசைந்து தருவாள். உப்பு போட வேண்டியதில்லை என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள், அப்பத்தாவும் சிரிப்பாள். 1986-இல் 21 தீவுகளைச் சேர்த்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். பவளப்பாறைகள் பிழைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால், எந்தப் பாசியை எந்த மாதம் தொடக்கூடாது, எந்த வேரை விட்டுவைத்தால் அடுத்த வருஷம் தழைக்கும் என்று பரம்பரையாகக் கட்டுப்பாடு வைத்திருந்த பெண்களைத் திருடிகளைப் போலத் துரத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பெண்கள் தலைகுனியவில்லை என்பதில் எனக்குப் பெருமை உண்டு. பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி, பாசிப் பெண்களை ஒன்றுதிரட்டித் தாங்களே கட்டுப்பாடுகளை வகுத்ததற்காக 2015-இல் அமெரிக்காவுக்குப் போய் சீகாலஜி விருது வாங்கி வந்தார். அப்பத்தா இருந்திருந்தால் முதலில் விருதைப் பற்றிக் கேட்கமாட்டாள், அங்கே கடல் எந்தப் பக்கம் என்றுதான் கேட்டிருப்பாள்.

தனுஷ்கோடிக்கு அப்பத்தாவோடு போனால் ஊற்றுத் தண்ணீர் குடிக்கலாம். இருபுறமும் கடல், நடுவில் வெறும் மணல். அந்த மணலில் அவள் உட்கார்ந்து முழங்கை ஆழத்துக்குக் கையாலேயே பறிப்பாள். முதலில் ஈரம், பிறகு கசிவு, கொஞ்ச நேரத்தில் கலங்கலாக ஒரு கையளவு தண்ணீர். அதை இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருந்தால் இரண்டாவது முறை தெளிந்து ஊறும். சிரட்டையால் மேலாக, மெதுவாக மொள்ள வேண்டும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக நிற்கிறது என்பதை நான் படித்தது கல்லூரியில். அப்பத்தா சொன்னது இவ்வளவுதான்: "அவசரப்பட்டு ஆழமா மொண்டா உப்பு ஏறிரும். பின்னால வர்றவளும் குடிக்கணும்ல." ஒரு குடம் நிறைய முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரத்தில் ஊற்றைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் பேசிய பேச்சு தீவின் பாதி வரலாறு. பிற்பாடு மாவட்டத்துக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, லாரித் தண்ணீர் வந்தது, பாட்டில் தண்ணீரும் வந்தது. முதுகு நோகப் பறித்தவர்களுக்கு அது விடுதலை. கதை கேட்கப் போன எங்களைப் போன்றவர்களுக்குத்தான் இழப்பு. இந்த இரண்டும் சமமான எடை உடையவை என்று நான் சொல்ல மாட்டேன்.

புயலைப் பற்றி அவர்கள் குறைவாகத்தான் பேசினார்கள். பாம்பனிலிருந்து அன்றிரவு தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653-ஆம் எண் பாசஞ்சர் நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. ஸ்டேஷன், தபால் ஆபீஸ், சுங்கக் கட்டடம், தேவாலயம் எல்லாம் ஒரே இரவில் கல்லும் மணலும் ஆயின. ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசாங்கம் அறிவித்தது. அப்பத்தாவின் தங்கை குடும்பம் தனுஷ்கோடியில் இருந்தது. அதற்குப் பிறகு அப்பத்தா அந்த ஊரின் பெயரை எங்கள் காதுபடச் சொன்னதில்லை, ஊற்றுக்குப் போவதையும் நிறுத்தவில்லை. பெரியவர்கள் விரும்பிச் சொன்னது பாலம் திரும்ப எழுந்த கதை. இரும்பு உத்தரங்களில் பெரும்பகுதியைக் கடல் உருவிக்கொண்டு போயிருந்தது. ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினியர் - ஆம், பிற்காலத்தில் கொங்கண் ரயில்வேயும் தில்லி மெட்ரோவும் கண்ட அதே ஸ்ரீதரன் - 46 நாளில் ரயிலை ஓட்டிக் காட்டினார். உத்தரங்கள் கடலுக்குள் எங்கே கிடக்கின்றன என்று கண்டுபிடிக்க மீனவர்கள் உதவினார்கள். அந்த இடத்தைச் சொல்லும்போது மட்டும் எங்கள் கிழவர்களின் குரல் ஒரு சுதி ஏறும்.

தீவின் மூத்தவர்களிலேயே நாடறிந்தவர் அப்துல் கலாமின் அண்ணன் முகமது முத்து மீரா லெப்பை மரைக்காயர். 2021 மார்ச்சில், 104 வயதில் மசூதித் தெருவில் காலமானார். தம்பி குடியரசுத் தலைவராகித் தில்லி மாளிகையில் இருந்த காலத்திலும் அண்ணன் தீவை விட்டுப் போகவில்லை. அவர்களுடைய தந்தை ஜைனுலாபுதீனும் கோயிலின் தலைமை அர்ச்சகர் பக்ஷி லட்சுமண சாஸ்திரிகளும் உற்ற நண்பர்கள் என்று கலாமே எழுதியிருக்கிறார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல், ஓடும் வண்டியிலிருந்து வீசிய பத்திரிகைக் கட்டுகளைச் சிறுவன் கலாம் பொறுக்கியதும் எல்லாருக்கும் தெரிந்ததே. எனக்கு அதைவிடப் பிடித்த காட்சி வேறு. சாயங்காலம் வேலை முடிந்தபின் ஒரு மரைக்காயரும் ஒரு குருக்களும் ஒரு ரயில்வேக்காரரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து, அவரவர் வெற்றிலைப் பெட்டியை அடுத்தவர் பக்கம் நகர்த்துவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதற்குப் பெயரெல்லாம் யாரும் வைத்திருக்கவில்லை. வேறு போக இடமில்லாத சிறிய தீவு. ஒருவர் வீட்டில் அரிசி தீர்ந்தால் அது நாலு வீட்டுக்குத் தெரிந்துவிடும், சண்டை போட்டுக்கொண்டாலும் நாளைக்கு அதே படகில்தான் ஏற வேண்டும். 1983-க்குப் பிறகு இலங்கைக் கரையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகுகளில் வந்து மணலில் இறங்கியவர்களுக்கு முதல் கஞ்சி ஊற்றியவர்களும் இவர்கள்தான். தலைமன்னார் கப்பல் நின்றுபோய், மாமன் உறவெல்லாம் கடிதத்தோடு சுருங்கியதும் அந்தக் காலத்தில்தான்.

சிறுவயதில் எனக்குத் தீவை விட்டுப் போக வேண்டும் என்ற ஒரே ஆசைதான். பாலத்தைக் கடக்கும் ஒவ்வொரு ரயிலையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். போனேன். இப்போது புணேவில் ஓய்வுபெற்று உட்கார்ந்து கொண்டு, கணேஷ் பேட் மீன் சந்தையில் ஐஸில் விறைத்துக் கிடக்கும் சுர்மை மீனைப் பார்க்கும்போதெல்லாம், வலையிலிருந்து நேரே சட்டிக்கு வந்த காரல் மீன் சொதியைப் பற்றி மனைவியிடம் பேச ஆரம்பித்துவிடுகிறேன். அவளுக்கு அது மனப்பாடம். நாராயண் பேட் வாடாவும் இப்போது இல்லை. அந்த இடத்தில் கீழே வண்டி நிறுத்துமிடத்தோடு ஏழு மாடிக் கட்டடம் நிற்கிறது. லிஃப்ட் இருக்கிறது, குழாயைத் திருப்பினால் வெந்நீர் வருகிறது. ஆஜியின் பேத்தி அங்கேயே நாலாவது மாடியில் இருக்கிறாள். பழுப்புக் கோட்டைப் பற்றிச் சொன்னேன், அவளுக்குத் தெரியாது. செம்புப் பம்பை மட்டும் வாசலில் பூச்செடி வைக்க வைத்திருக்கிறாள். சைக்கிள் மணியும் குதிரைவண்டியும் ஒலித்த தெருவில் இப்போது சாலையைக் கடக்க வயதானவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அங்கே கடல், இங்கே வண்டி. கிழவர்கள் அக்கரை பார்த்து நிற்பது மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

இத்தனை ஏக்கமும் வெளியூரில் இருக்கிற எங்களுக்கு. தீவிலேயே இருந்தவர்கள் ஏங்கவில்லை, பாலம்தான் கேட்டார்கள். 1988-க்கு முன்னால் ராத்திரியில் பிரசவ வலி கண்ட பெண் விடியும்வரை தாங்க வேண்டும், காற்று இருந்தால் விடிந்த பிறகும் தாங்க வேண்டும். அப்பத்தாவின் மூத்த மகள், எனக்குப் பெரிய அத்தை, அப்படித் தாங்கமுடியாமல் போனவள். அதனால் சாலைப் பாலத்தில் முதல் பஸ் வந்த நாளில் அப்பத்தா புதுச்சேலை கட்டிக்கொண்டாள். அந்த வயதிலும் மண்டபம்வரை போய், இறங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தாள். "இனி எவளும் காத்துக்குக் காத்திருக்க வேணாம்" என்றாள். 2017-இல் தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனைவரை தார்ச்சாலை போட்டார்கள். இப்போது இடிந்த தேவாலயத்தின்முன் நின்று சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிறார்கள், ஊற்றுப் பறித்த பெண்களின் மருமகள்கள் அவர்களுக்குச் சங்கும் பொரித்த மீனும் விற்கிறார்கள். பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறந்தது. அதன் 72.5 மீட்டர் நீள நடுப்பகுதி மோட்டாரில் அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. யாரும் தள்ள வேண்டாம், யாருடைய நெற்றியிலும் வியர்வை இல்லை. ரயில்வே பெரியவர் இருந்திருந்தால் அதையும் கரையில் நின்று பார்த்துவிட்டுத்தான் தலையாட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

சின்ன அத்தைக்கு இப்போது எண்பத்தைந்துக்கு மேல் இருக்கும்; புயலின்போது மூத்தவன் இடுப்பில், இளையவள் வயிற்றில் என்பது அவள் கணக்குத்தான். காற்றின் பெயர்கள், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள மணல் தீடைகள், பாசி எடுக்கும் இடங்கள், ஊற்று பறிக்கும் பக்குவம் - இதெல்லாம் தெரிந்தவர்கள் தெருவுக்கு ஒருவர், இருவர்தான் மிச்சம். அவர்கள் பேசப் பேசப் பதிவு செய்துவிட வேண்டும் என்று கொஞ்ச காலமாக அத்தை பேரனை நச்சரிக்கிறேன். அவனும் நல்ல பிள்ளை, கைபேசியை அவள்முன் வைத்துக் கேள்வி கேட்கிறான். போன மாதம் எனக்கு அனுப்பிய பதிவில் கச்சானைப் பற்றி இரண்டு நிமிஷம் அழகாகச் சொல்லிக்கொண்டே வந்தவள், நடுவில் நிறுத்தி, "இத யாருக்குடா அனுப்புற, புனாக்காரனுக்கா?" என்று கேட்டுவிட்டு, நேரே என்னிடம் பேச ஆரம்பித்தாள். "ஏய்யா, காத்தப் பத்தி எழுதுறது இருக்கட்டும். இங்க ராத்திரில ஆஸ்பத்திரிக்குப் போனா பெரிய டாக்டர் இல்லங்குறாக, ராம்நாட்டுக்குப் போகச் சொல்றாக. கெழடுகட்டைக எப்படிப் போகும்? அத மொதல்ல எழுதிப் போடு."

எழுதிவிட்டேன், அத்தை.